உடல் பருமன் யாருக்கு? எடை அட்டவணைகள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

திருப்பதி: அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். நடந்து செல்லும் பக்தர்கள் சிலருக்கு வழியில் உடல்நலக் குறைவு ஏற்பட்ட நிலையில், 2024 அக்டோபரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. 60 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் நடந்து வருவதைத் தவிர்ப்பது நல்லது. இதய நோயாளிகளும் உடல் பருமன் உடையவர்களும் படியேற வேண்டாம் என்பது அதன் சாரம்.

இந்தப் பட்டியலில் வயதுக்கு ஆதாரம் உண்டு; சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனை உண்டு. 'உடல் பருமன்' மட்டும் வேறு வகை. தமக்கு அது இருக்கிறதா, இல்லையா என்பதைப் பக்தரே தீர்மானிக்க வேண்டியுள்ளது. பெரும்பாலானோர் கண்ணாடியைப் பார்த்தோ, மருந்துக் கடை வாசலில் உள்ள எடை இயந்திரத்தில் ஏறியோ, பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் உயரம்–எடை அட்டவணையை நோக்கியோ அந்த முடிவுக்கு வருகின்றனர். அந்த அட்டவணை யாருக்காக, எப்போது, எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

ஒரே உடல், மூன்று தீர்ப்புகள்

165 சென்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் கொண்ட ஒருவர் சித்தூரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். மருத்துவமனைச் சீட்டில் 'பிஎம்ஐ' என்று எழுதப்படுவது. இவருக்கு அது 24.2.

உலக சுகாதார அமைப்பின் பொது வரையறையின்படி 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை. ஆகவே இவர் நலமாக இருக்கிறார். இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதலின்படி 23 முதல் 24.9 வரை அதிக எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன். ஆகவே இவர் எடையைக் குறைக்க வேண்டியவர். சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 100-ஐக் கழித்தால் வருவதே சரியான எடை என்று பழைய தலைமுறை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு ஒன்றுண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் ப்ரோக்காவின் பெயரால் அது வழங்குகிறது. அதன்படி இவருக்கு 65 கிலோ இருக்கலாம். ஒரு கிலோதான் கூடுதல், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இதே உயரத்துக்கு இந்திய வரம்பு 62.6 கிலோவில் முடிகிறது; பொது வரம்பு 68 கிலோ வரை நீள்கிறது. இடைப்பட்ட ஐந்தரை கிலோவுக்குள் நிற்கும் ஒருவரை எந்த அட்டவணை சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதே நோயாளியாகவோ நலமுள்ளவராகவோ ஆக்கிவிடுகிறது.

காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு

இந்தக் குறியீட்டெண்ணை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே வானியலாளர், புள்ளியியலாளர். மனிதக் கூட்டத்தின் அளவுகளிலிருந்து 'சராசரி மனிதன்' ஒருவனை வடித்தெடுக்க முயன்ற அவர், வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பதை 1830-களில் கண்டறிந்தார். கொழுப்பையோ நோயையோ அளப்பது அவரது நோக்கமாக இருக்கவில்லை.

'இருக்க வேண்டிய எடை' என்ற கருத்து வேறொரு வாசல் வழியாக வந்தது. அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், எந்த எடையில் உள்ள காப்பீட்டுதாரர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று பார்த்து 1942–43-ல் அட்டவணைகளை வெளியிட்டது. 1959-லும் 1983-லும் அவை திருத்தப்பட்டன. காப்பீடு வாங்க வசதியிருந்த அமெரிக்கர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் இடம்பெற்றனர். சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என மூன்று பத்திகள் இருந்தபோதும், தம்முடையது எந்த உடல்வாகு என்று கண்டுபிடிக்கும் முறை முதலில் தரப்படவில்லை. 1983 பதிப்பில் ஒரு அங்குலக் குதிகால் வைத்த காலணியும், ஆண்களுக்கு 5 பவுண்டு, பெண்களுக்கு 3 பவுண்டு உடைகளும் சேர்த்தே உயரமும் எடையும் கணக்கிடப்பட்டன. வெறுங்காலுடன் எடை பார்க்கும் நம் ஊர் வழக்கத்துக்கு அந்த எண்கள் பொருந்தாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவரது குழுவினரும் 1972-ல் கெட்லேயின் வகுத்தலை மீண்டும் கையிலெடுத்து 'உடல் நிறை குறியீட்டெண்' என்ற பெயரைச் சூட்டினர். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,400 பேரின் அளவுகள் ஆராயப்பட்டன. அனைவரும் ஆண்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எளிய குறியீடுகளில் இது மற்றவற்றைவிட மோசமில்லை என்ற அளவிலேயே அவர்களின் முடிவு அமைந்தது.

எல்லைக்கோடுகளும் இயற்கையாக அமைந்தவை அல்ல. அமெரிக்காவில் 1998 வரை அதிக எடை என்பது ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்ற எண்ணில் தொடங்கியது. அந்த ஆண்டு தேசிய சுகாதார நிறுவனங்கள் இருபாலருக்கும் அதை 25 ஆகக் குறைத்தன. ஒரு கிராம்கூட எடை கூடாமலேயே இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அதிக எடையுடையோர் ஆயினர்.

மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆங்கிலச் செய்திகளில் வரும் 'நார்மல்' என்ற சொல்லைத் தமிழில் 'இயல்பான எடை' என்று எழுதுகிறோம். புள்ளியியலில் அது பெரும்பாலானோர் நிற்கும் இடத்தைக் குறிக்கும். மருத்துவத்தில் நோயற்ற நிலையைக் குறிக்கும். படிப்பவர் மனத்திலோ 'நான் இருக்க வேண்டிய எடை' என்று பதிகிறது. தெலுங்கில் உடல் பருமனுக்கு 'ஊபகாயம்' என்பார்கள். அதைச் சொல்லும்போதே ஊதிப்போன ஓர் உருவம் கண்முன் வந்துவிடும். எண் ஒன்றுதான், சொல் மாறும்போது தீர்ப்பும் மாறிவிடுகிறது.

மெலிந்த உருவம், மறைந்த கொழுப்பு

இந்தியர்களுக்குத் தனி எல்லைக்கோடு ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்கும் ஒளிப்படம் ஒன்று மருத்துவ உலகில் புகழ்பெற்றது. 2004 ஜனவரியில் 'தி லான்செட்' இதழில் வெளியானது அது. புனே கேஇஎம் மருத்துவமனையின் நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. எந்த அட்டவணையிலும் இருவரும் தேர்ச்சி பெறுவார்கள். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை இயந்திரம் இருவரிடமும் ஒரே செய்தியைச் சொல்லியிருந்தது.

இந்த வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குவதாக யாக்னிக் குழுவினரின் ஆய்வு காட்டியது. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களுக்கு 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகச் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. 'மெலிந்த–கொழுத்த இந்தியர்' என்ற தொடர் இவ்வாறு புழக்கத்துக்கு வந்தது.

மெலிந்த கைகால்களும் சற்றே முன்தள்ளிய வயிறுமாக இருப்பவரை நம் வீடுகளில் எவரும் பருமன் என்று அழைப்பதில்லை. 'கொஞ்சம் தொப்பை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பே இன்சுலினின் செயல்பாட்டைக் குலைத்து, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கிறது. அட்டவணையில் தேர்ச்சி பெற்ற ஒருவர் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவதே இதன் ஆபத்து.

மறுபுறம், சித்தூர் வெல்லச் சந்தையில் நாள் முழுவதும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்குத் தசையின் எடையால் குறியீட்டெண் 26 வரக்கூடும். தசைக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு அறியாத எண் அவரைப் பருமன் வரிசையில் நிறுத்திவிடும்.

உலக சுகாதார அமைப்பின் மேற்கு பசிபிக் பிரிவு 2000-ஆம் ஆண்டிலேயே ஆசியர்களுக்கு 23, 25 என்ற எல்லைகளை முன்வைத்தது. 2004-ல் தன் முடிவுகளை வெளியிட்ட வல்லுநர் குழு, ஆசிய மக்களிடையே உள்ள வேறுபாடுகளைச் சுட்டிக்காட்டி, பொது வரையறையை மாற்றாமல் 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாக மட்டும் சேர்த்தது. இந்தியா 2009-ல் தன் வழியைத் தேர்ந்தெடுத்தது. இன்றும் தேசியக் குடும்ப நல ஆய்வு 25 என்ற பொது எல்லையைத்தான் பயன்படுத்துகிறது. பல மருத்துவமனைகள் 23-ஐப் பயன்படுத்துகின்றன. செய்திகளில் வரும் விழுக்காடுகளை ஒப்பிடும்போது எந்தக் கோடு என்று கேட்பது அவசியம்.

எடை குறைவதும் ஆபத்தே

எல்லைக்கோட்டை 23-க்கு இறக்கியதோடு கதை முடியவில்லை. 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 11 லட்சத்துக்கும் அதிகமான ஆசியர்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு வெளியானது. சீனா, ஜப்பான், கொரியா உள்ளிட்ட கிழக்காசிய மக்களிடையே குறியீட்டெண் மிக உயர்ந்தபோது இறப்பு அபாயமும் கூடியது. இந்தியர்கள், வங்கதேசத்தவரிடையே அவ்வாறு காணப்படவில்லை. மாறாக, 20-க்கும் கீழே இருந்தவர்களிடம்தான் அபாயம் அதிகமாக இருந்தது.

இதற்கு உடல் பருமன் தீங்கற்றது என்று பொருளல்ல. அந்த ஆய்வில் இடம்பெற்ற இந்தியர்களில் மிக அதிக எடையுடையோர் குறைவு. வசதி படைத்தவர்களே அன்று எடை கூடியவர்களாகவும், மருத்துவ வசதி எட்டியவர்களாகவும் இருந்திருக்கக்கூடும். எனினும் எடைக் குறைவின் அபாயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கி நடத்தப்பட்ட 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. சிகிச்சையின் முதல் இரு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. அந்த வீடுகளில் ஏறிய ஒவ்வொரு கிலோவும் நல்ல செய்தியே.

ஆந்திரப் பிரதேசம் இவ்விரு முனைகளையும் ஒருசேரச் சுமக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மாநிலப் பெண்களில் 36.3 விழுக்காட்டினரும் ஆண்களில் 31.1 விழுக்காட்டினரும் 25 என்ற எல்லையைத் தாண்டியவர்கள். அதே மாநிலத்தில் பெண்களில் 14.8 விழுக்காட்டினரும் ஆண்களில் 16.5 விழுக்காட்டினரும் 18.5-க்கும் கீழே உள்ளனர். 'எடையைக் குறையுங்கள்' என்ற ஒற்றை அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாக வைக்க இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

65 கிலோவும் 55 கிலோவும்

2020 செப்டம்பரில் 'இந்தியர்களின் சரியான எடை உயர்த்தப்பட்டது' என்ற பொருளில் செய்திகள் பரவின. ஆணுக்கு 65 கிலோ, பெண்ணுக்கு 55 கிலோ என்று அவற்றில் கூறப்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்னது வேறு. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் வழிவந்த நிறுவனம் அது. நாள்தோறும் எவ்வளவு புரதம், இரும்புச்சத்து, ஆற்றல் தேவை என்று கணக்கிட ஒரு 'மேற்கோள் மனிதர்' தேவைப்படுகிறார். 19 முதல் 39 வயதுக்குட்பட்ட அந்தக் கற்பனை ஆணின் எடை 60 கிலோவிலிருந்து 65 கிலோவாக மாற்றப்பட்டது. அவரது உயரம் 177 சென்டிமீட்டர். 55 கிலோ எடையுள்ள மேற்கோள் பெண்ணின் உயரம் 162 சென்டிமீட்டர். இருவரின் குறியீட்டெண்ணும் 21-ஐ ஒட்டியே அமைகிறது.

உயரத்தை விட்டுவிட்டு எடையை மட்டும் தலைப்பில் வைத்தால் என்னவாகும்? இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டரை ஒட்டியது. அந்த உயரமுள்ள பெண் 55 கிலோவை இலக்காகக் கொண்டால் அவரது குறியீட்டெண் 23.8 ஆகிவிடும், இந்தியக் கோட்டின்படி அது அதிக எடை. ஊட்டச்சத்துத் திட்டமிடலுக்காக வைத்த அளவுகோலைத் தனிமனிதரின் இலக்காக மாற்றியதில் செய்தித் துறைக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திருப்பதியில் நிலையான எடை என்று ஒன்று உறுதியாக உண்டென்றால் அது சுமார் 175 கிராம் லட்டுக்குத்தான். திருமலையில் துலாபாரத் தட்டில் அமர்வோரின் எடைக்கு எடை வெல்லமோ அரிசியோ நாணயமோ காணிக்கையாகச் செலுத்தப்படுகிறது. குழந்தையின் எடை கூடியிருந்தால் பெற்றோர் மகிழும் தராசு அது ஒன்றே போலும்.

அளவு நாடா சொல்லும் செய்தி

எண்ணின் குறையை ஈடுசெய்ய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. தையற்காரரின் அளவு நாடா போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை என்பது 2009 வழிகாட்டுதல். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணும் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகிய நான்கை மட்டுமே கேட்கிறது; எடையைக் கேட்பதில்லை.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்கீழ் ஆஷா பணியாளர்கள் 30 வயதைக் கடந்தவர்களிடம் நிரப்பும் படிவத்திலும் இதே அணுகுமுறைதான். வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. மொத்தம் நான்கைத் தாண்டினால் பரிசோதனையில் முன்னுரிமை. நகரத்து உடற்பயிற்சிக் கூடங்கள் இன்னும் கிலோவையே பேசிக்கொண்டிருக்க, சித்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் படிவத்தோடு வரும் ஆஷா பணியாளர் கேட்பது இடுப்புச் சுற்றளவை.

அளவு நாடா எவ்வளவு வேறுபட்ட படத்தைத் தருகிறது என்பதற்கு 2019–21 ஆய்வே சான்று. நாடு முழுவதும் பெண்களில் 24 விழுக்காட்டினரே குறியீட்டெண்ணின்படி அதிக எடை அல்லது பருமன் உடையோர். அதே ஆய்வு இடுப்பு–பிட்ட விகிதத்தை முதன்முறையாக அளந்தபோது, 56.7 விழுக்காட்டுப் பெண்கள் அபாய எல்லைக்குள் இருந்தனர். ஆண்களில் இது முறையே 22.9, 47.7 விழுக்காடு. குறியீட்டெண் தேர்ச்சி வழங்கிய பல கோடிப் பேர் இந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

அளக்கும் முறையில் பிழை நேர்வது எளிது. புடவைக் கட்டின் மேலோ, பேன்ட் இடுப்புப் பட்டை நிற்கும் இடத்திலோ அளப்பது தவறு. பேன்ட் அளவு பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே நிற்கும். விலா எலும்பின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, ஆடைக்கு உள்ளே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டால் பயனில்லை. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு 82.5 சென்டிமீட்டர்.

மாறிவரும் மருத்துவப் பார்வை

அமெரிக்க மருத்துவச் சங்கம் 2023 ஜூனில், குறியீட்டெண்ணைத் தனியாகப் பயன்படுத்துவதன் குறைகளை ஏற்று, மற்ற அளவுகளோடு சேர்த்தே கையாள வேண்டும் என்று கொள்கை வகுத்தது. 2025 ஜனவரியில் 'லான்செட்' ஆணையம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 56 வல்லுநர்கள் அடங்கிய அந்தக் குழு, எண்ணைக் கொண்டு மட்டும் ஒருவருக்கு உடல் பருமன் என்று முடிவு செய்யக் கூடாது, இடுப்பளவு போன்ற வேறோர் அளவாலும் உறுதிசெய்ய வேண்டும் என்றது. கூடுதல் கொழுப்பால் உறுப்புகளோ அன்றாடச் செயல்களோ பாதிக்கப்பட்டிருந்தால் அது நோய். பாதிப்பு இல்லையென்றால் நோய்க்கு முந்தைய நிலை. அதே மாதம் இந்திய வல்லுநர்கள் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதலும் 23-ஐத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பாதிப்பு உண்டா, இல்லையா என்பதை வைத்து இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது.

குறியீட்டெண்ணை முற்றிலும் கைவிட வேண்டும் என்று இவர்கள் எவரும் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தின் போக்கை அறியவும், ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைக் காணவும் அதைவிட மலிவான அளவுகோல் இல்லை. ஒரே நபரின் எடை சில மாதங்களில் காரணமின்றிக் கூடினாலோ குறைந்தாலோ அது எந்த அட்டவணையைவிடவும் முக்கியமான தகவல். குறிப்பாகக் காரணமின்றி எடை குறைவது நீரிழிவு, காசநோய் போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

மலையேறத் திட்டமிடுவோருக்குத் தேவைப்படுவது கிலோக் கணக்கு மட்டும் அல்ல. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, மாடிப்படி ஏறும்போது மார்பில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வருகிறதா என்பது ஆகிய நான்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியானது இருந்தால், மெலிந்தவராயினும் மருத்துவரைப் பார்க்காமல் படியில் கால் வைக்கக் கூடாது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்த அழுத்த, சர்க்கரைப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நாள்பட்ட நோய் உடையவர்கள் அன்றாட மருந்துகளை உடன் எடுத்து வர வேண்டும் எனத் தேவஸ்தானம் கேட்டுக்கொண்டுள்ளது. அலிபிரி வழியில் 1,500-ஆவது படி, காளி கோபுரம், பாஷ்யகார சன்னதி ஆகிய இடங்களில் மருத்துவ உதவி கிடைக்கும். திருமலையில் அஸ்வினி மருத்துவமனை இயங்குகிறது.